ராஜினாமா ஆறாவது படி: வேலையை விட்டு, நடந்துகொண்டிருக்கும் தொழிலை வாங்குபவர்களுக்கு

கோவையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் 11 வருடம், அதற்கு முன் வேறு இரண்டு நிறுவனங்களில் 10 வருடம் வேலை பார்த்தேன். 46 வயதில் வெளியே வந்து, துடியலூர்ப் பக்கம் ஏற்கனவே நடந்துகொண்டிருந்த ஒரு மரச்செக்கையும் அதோடு சேர்ந்த மாவு மில்லையும் வாங்கினேன். முடிவெடுத்த நாளிலிருந்து என் பெயரில் முதல் பில் போட்ட நாள்வரை ஏழு மாதம் ஆனது. சரியாகத் தெரிந்திருந்தால் அதை இன்னும் சீக்கிரமாக முடித்திருக்கலாம். ஒரு லட்ச ரூபாய் டோக்கன் அட்வான்ஸில் நாற்பதாயிரத்தை இழந்திருக்கவும் மாட்டேன்.

நாற்பதைத் தாண்டிய பிறகு வேலையை விட்டுத் தொழிலுக்கு வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் தொழில் செக்கு என்பதால் உதாரணங்கள் அதிலிருந்தே வரும். மளிகை, அச்சகம், மருந்துக் கடை என்று எதை வாங்கினாலும் வரிசை கிட்டத்தட்ட இதுதான். நான் செய்த தவறுகள் பெரும்பாலும் வரிசைத் தவறுகள். முதலில் ராஜினாமா கொடுத்துவிட்டு மற்றதைப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். பல வேலைகள் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதுதான் நடக்கும்.

1. சம்பளம் வரும்போதே முடிக்க வேண்டியவை

முதலில் மருத்துவக் காப்பீடு. அலுவலகம் தரும் குழுக் காப்பீடு, நீங்கள் விலகும் நாளோடு முடிந்துவிடும். என் அப்பாவுக்குச் சர்க்கரை, எனக்கு ரத்த அழுத்தம். வெளியே வந்த பிறகு புதிதாகப் பாலிசி எடுத்ததால், முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் எங்களுக்குப் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது. இது அதிகபட்சம் மூன்று வருடம்வரை போகலாம். விபத்து தவிர மற்ற சிகிச்சைகளுக்கு முதல் 30 நாள் காத்திருப்பு தனி. அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொண்டால், குழுக் காப்பீட்டில் கழித்த வருடங்களைக் காத்திருப்பில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் அதற்கு வேலையில் இருக்கும்போதே, ஒன்றரை மாதம் முன்னதாகவாவது விண்ணப்பிக்க வேண்டும். ஹெச்ஆரிடம் காப்பீட்டு நிறுவனத்தின் தொடர்பையும், எந்த வருடத்திலிருந்து நீங்களும் குடும்பத்தினரும் அந்தக் காப்பீட்டில் இருக்கிறீர்கள் என்ற சான்றையும் எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. பிரீமியத்தை ஒப்பிடும்போது அதற்கு முந்தைய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

அடுத்து பி.எஃப். பழைய நிறுவனங்களின் கணக்குகள் எல்லாம் ஒரே யுஏஎன் எண்ணின்கீழ் (நிறுவனம் மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். எண்) வந்துவிட்டனவா என்று பாருங்கள். பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதி, அப்பா பெயர் ஆகியவற்றில் ஆதாரோடு ஒத்துப்போகாதது எதுவாக இருந்தாலும் இப்போதே திருத்துங்கள். சில திருத்தங்களுக்கு, குறிப்பாக 2017 அக்டோபருக்கு முன் பெற்ற யுஏஎன் என்றால், நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். வேலையில் இருக்கும்போது ஹெச்ஆர் இரண்டு நாளில் செய்து தருவார். விலகிய பிறகு அதே வேலைக்கு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். பி.எஃப்.போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் மொத்தம் 10 வருடம் ஆகிவிட்டால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு, அதை மொத்தமாக எடுக்க முடியாது. 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் 58-க்கு முந்தைய ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் குறையும். பி.எஃப். பணத்தைத் தொழிலுக்கு முதலாகப் போடுவது உங்கள் விருப்பம். நான் போடவில்லை, அதற்காக இன்றுவரை வருந்தவும் இல்லை.

வீட்டுக் கடன் டாப்-அப், வட்டி குறைவான வங்கிக்குக் கடனை மாற்றுவது, கிரெடிட் கார்டு வரம்பு போன்றவை தேவைப்பட்டால் இப்போதே முடியுங்கள். தொழில் செய்பவரிடம் வங்கி கேட்பது இரண்டு, மூன்று வருட வருமான வரித் தாக்கல். புதிதாகத் தொடங்கியவரிடம் அது இருக்காது.

2. வீட்டுக் கணக்கு

18 மாத வீட்டுச் செலவைத் தனிக் கணக்கில் போட்டு வைத்தேன். ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், காப்பீட்டு பிரீமியம், வீட்டுக் கடன் தவணை எல்லாம் இதில் அடக்கம். இந்தக் கணக்கைப் போடும்போது மனைவியும் கூடவே உட்கார்ந்தார். எந்த மாதம் எந்தச் செலவு வரும் என்பது என்னைவிட அவருக்குத்தான் துல்லியமாகத் தெரிந்திருந்தது. இந்தப் பணத்துக்கும் தொழில் முதலுக்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. நிலக்கடலை விலை இறங்கியிருக்கிறது, நாலு மூட்டை சேர்த்து வாங்கலாம் என்று கை நீளும் நாள் வரும். அதற்காகவே வேறு வங்கியில் வையுங்கள்.

3. விற்பவர் சொல்லும் கணக்கைச் சோதிப்பது

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வார இறுதிகளில் மட்டும் போனால் குறைந்தது இரண்டு மாதம் ஆகும்.

நான் முதலில் பார்த்த செக்கு இப்போது வைத்திருப்பது அல்ல. அதன் உரிமையாளர் மாதம் 900 லிட்டர் கடலை எண்ணெய் விற்பதாகச் சொன்னார். நோட்டில் அப்படித்தான் எழுதியும் இருந்தது. இடம் நன்றாக இருந்தது, வேறு ஒருவர் கேட்கிறார் என்றும் சொன்னார். ஒரு லட்சம் டோக்கன் கொடுத்துவிட்டேன். ரசீதில் "முன்பணம்" என்று ஒரே வார்த்தை.

அதன் பிறகுதான் புண்ணாக்கு வாங்கும் வியாபாரியிடம் பேசினேன். மரச்செக்கில் ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்குச் சுமார் இரண்டேகால் முதல் இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். 900 லிட்டருக்கு இரண்டு டன்னுக்கு மேல். அப்படியானால் மாதம் சுமார் 1,200 கிலோ புண்ணாக்கு வர வேண்டும். வியாபாரியின் நோட்டில் எந்த மாதமும் 600 கிலோவைத் தாண்டவில்லை. வேறு யாருக்கும் புண்ணாக்கு போகவில்லை என்று உரிமையாளரே சொல்லியிருந்தார். ஆக, ஒன்று விற்பனை சொன்னதில் பாதி. இல்லை, மீதி எண்ணெய் அந்தச் செக்கில் ஆட்டியது அல்ல. இரண்டில் எதுவாக இருந்தாலும் அந்தக் கடை எனக்கு வேண்டாம். விலகினேன். டோக்கனில் அறுபதாயிரம்தான் திரும்பி வந்தது.

எந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு பக்கவாட்டுக் கணக்கு உண்டு. விற்பனை நோட்டை யாரும் எப்படியும் எழுதலாம். கழிவு, மின்சாரம், வாங்கிய சரக்கு ஆகியவற்றின் கணக்கு வேறு ஆட்களிடம் இருக்கும். அவர்களிடம் கேளுங்கள். அச்சகம் என்றால் காகிதம் சப்ளை செய்பவர். உணவகம் என்றால் கேஸ் சிலிண்டர் போடுபவர்.

கேட்டு வாங்க வேண்டிய தாள்கள்:

கடைசி ஆறு மின் கட்டண ரசீதுகள். நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால் ஆறு ரசீது ஒரு முழு வருடம். தீபாவளிக்கு விற்பனை இரட்டிப்பாகும் என்று விற்பவர் சொன்னால், அந்த ரசீதில் யூனிட் ஏறியிருக்க வேண்டும்.

12 மாத வங்கி அறிக்கை. யுபிஐ வரவு இதில் தெரியும். இன்று ஒரு சில்லறைக் கடையில் யுபிஐ வரவு மிகக் குறைவாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள்.

இரண்டு வருட வருமான வரித் தாக்கலும் ஜிஎஸ்டி தாக்கலும். "வரிக்காகக் குறைத்துக் காட்டியிருக்கிறேன், உண்மையில் இரண்டு மடங்கு" என்று பலர் சொல்வார்கள். தாளில் காட்டிய தொகைக்கு மட்டும் விலை பேசுங்கள். காட்டாத விற்பனைக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

அப்புறம், கடையில் போய் உட்காருங்கள். நான் இரண்டாவது செக்கில் நான்கு சனிக்கிழமை காலை ஏழு முதல் மதியம்வரை உட்கார்ந்து, வருபவர்களை எண்ணினேன். மில்லில் வேலை பார்க்கும் அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர், செக்கின் சத்தத்தை வைத்தே பருப்பில் ஈரம் இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். கடை கைமாறினால் அவர் இருப்பாரா, போவாரா என்று நேரடியாக அவரிடமே கேட்டேன். அவர் இருக்கிறேன் என்று சொன்ன பிறகுதான் விலை பேசினேன்.

4. பழைய பாக்கி உங்கள் தலையில் விழாமல்

தொழிலை மொத்தமாக வாங்கும்போது, கைமாறிய நாள்வரை விற்பவர் கட்டாமல் விட்ட ஜிஎஸ்டிக்கு வாங்குபவரும் சேர்ந்தே பொறுப்பு. ஜிஎஸ்டி சட்டத்தின் 85-ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண்ணை அரசு இணையதளத்தில் போட்டால், எந்த மாதம் தாக்கல் செய்திருக்கிறார், எந்த மாதம் விட்டிருக்கிறார் என்று யாரும் பார்க்கலாம். பாக்கி விவரத்தை அவரே தன் கணக்கில் நுழைந்து உங்கள் ஆடிட்டர் முன்னால் காட்ட வேண்டும். தயங்கினால் அதுவே பதில்.

இயந்திரங்கள் மேல் வங்கிக் கடன் இருக்கிறதா என்று கேளுங்கள். கடன் இருந்திருந்தால், அடைத்துவிட்டதற்கான வங்கியின் சான்று வேண்டும்.

மின் இணைப்பில் பாக்கி இருந்தால் அது இணைப்போடு ஒட்டிக்கொண்டே வரும். அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவு என்று ரசீதில் பாருங்கள். செக்கு, மாவு மில், மிளகாய் மில் மோட்டார்களின் குதிரைத் திறனைக் கூட்டி 746-ஆல் பெருக்கினால் வாட் கணக்கு வரும். அது அனுமதித்த பளுவைவிட அதிகமாக இருந்தால், கூடுதல் பளுவுக்கான கட்டணம் உங்கள் தலையில். இணைப்பு எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். வீட்டு இணைப்பில் மில் ஓட்டினால் அபராதம் உண்டு.

கட்டடம் வாடகை என்றால், விற்பவரிடம் ஒரு ரூபாய் கொடுப்பதற்கு முன் கட்டட உரிமையாளரைப் பாருங்கள். பழைய வாடகைதாரர் தன் ஒப்பந்தத்தை உங்களுக்குத் தானாகக் கைமாற்ற முடியாது. என் கட்டட உரிமையாளர் நல்ல மனிதர், ஆனாலும் புது ஆள் என்றதும் வாடகையை உயர்த்தினார். அந்த வித்தியாசத்தை விற்பனை விலையில் குறைக்கச் சொல்லி வாதாட எனக்கு நேரம் இருந்தது, காரணம் முன்கூட்டியே போய்ப் பார்த்ததுதான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல் போட்டால் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு வேண்டும். இயந்திரம் பூட்டி ஓட்டும் தொழிலுக்கு 11 மாத ஒப்பந்தம் ஆபத்து. மூன்று வருடமாவது போட்டுப் பதிவு செய்யுங்கள், அந்தச் செலவு வீண் இல்லை.

5. கடன்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்துக்கு மேல்வயது வரம்பு இல்லை என்று கேட்டதும் எனக்குத் தெம்பு வந்தது. மாவட்டத் தொழில் மையத்தில் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். நடந்துகொண்டிருக்கும் தொழிலை வாங்குவதற்குக் கிடைக்காது. மாநில அரசுத் திட்டங்களில் வயது வரம்பை முதலில் பாருங்கள், நம் வயதில் பல கதவுகள் அங்கேயே மூடிவிடும். தனிநபர் கடன் எடுத்து முதல் போடுவதை மட்டும் செய்யாதீர்கள். தவணை அடுத்த மாதமே தொடங்கும், லாபம் அப்படித் தொடங்காது. நான் சேமிப்பில் முக்கால் பங்கும், வைப்புத் தொகை மேல் எடுத்த ஓவர்டிராஃப்டில் கால் பங்கும் போட்டேன்.

6. ராஜினாமா

இப்போதுதான் கடிதம். கட்டட உரிமையாளர் சம்மதம், கணக்குச் சோதனை, பணம் எங்கிருந்து வரும் என்ற தெளிவு ஆகிய மூன்றும் முடிந்திருக்க வேண்டும். நோட்டீஸ் பீரியட் எனக்கு 90 நாள். அந்த மூன்று மாதத்தை உரிம வேலைகளுக்குப் பயன்படுத்தலாம். ஆனால் வேலை ஒப்பந்தத்தில் வேறு தொழில் செய்யக் கூடாது என்ற விதி இருக்கும். அதைப் படித்துவிட்டு, தேவையானால் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில் பணம் இருக்கிறது. கிராஜுவிட்டிக்கு (விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) ஐந்து வருடத் தொடர் பணி வேண்டும். கணக்கு இப்படி: கடைசி அடிப்படைச் சம்பளம் × 15 ÷ 26 × வருடங்கள். ஆறு மாதத்தைத் தாண்டிய மீதியை ஒரு முழு வருடமாக எடுத்துக்கொள்வார்கள். அடிப்படைச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 11 வருடம் 5 மாதத்தில் விலகினால் சுமார் 3,17,000 ரூபாய். இன்னும் ஒன்றரை மாதம் பொறுத்தால் 12 வருடக் கணக்கில் சுமார் 3,46,000. 20 லட்சம்வரை இதற்கு வரி இல்லை. விடுப்பை விற்றுப் பெறும் பணத்துக்கு 25 லட்சம்வரை வரிவிலக்கு. வருடாந்தர போனஸ் எந்த மாதம் வருகிறது, அந்த நாளில் நோட்டீஸில் இருப்பவருக்குக் கொடுப்பார்களா என்றும் விதியைப் பாருங்கள். எங்கள் நிறுவனத்தில் கொடுக்கவில்லை.

வெளியே வரும்போது கையில் இருக்க வேண்டியவை: ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று எப்போது வரும் என்ற உறுதி, பி.எஃப். கணக்கில் விலகிய தேதி. தேதியை நிறுவனம் பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்பிலிருந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதியலாம்.

7. விற்பனை ஒப்பந்தம்

வக்கீல் எழுத வேண்டும். இயந்திரங்களை வரிசை எண்ணோடு பட்டியலிடுங்கள். சரக்கை, கைமாறும் நாளில் எடை போட்டு, அன்றைய கொள்முதல் விலையில் தனியாகக் கணக்கிடுங்கள். கடையின் பெயருக்கும் வாடிக்கைக்கும் தனித் தொகை குறிப்பிடுங்கள். காரணம், இந்தப் பெயர், வாடிக்கையின் மதிப்பை (குட்வில்) விற்றவர் குறிப்பிட்ட பகுதிக்குள் அதே தொழிலைத் தொடங்கக் கூடாது என்ற நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். அதை எல்லையோடும் வருடக் கணக்கோடும் எழுதுங்கள். இல்லையென்றால் இரண்டு தெரு தள்ளி அவரே புதுச் செக்கு போடலாம்.

மொத்த விலையில் 20 சதவீதத்தை ஆறு மாதம் கழித்துத் தருவதாக எழுதினேன். பழைய பாக்கி ஏதாவது கிளம்பினால் அதில் கழித்துக்கொள்ளலாம். விற்பவர் 30 நாள் கூட இருந்து கற்றுத் தர வேண்டும் என்றும் போட்டோம். எள் ஆட்டும்போது கருப்பட்டியை எப்போது, எவ்வளவு போடுவது என்பதெல்லாம் அந்த 30 நாளில்தான் கையில் வந்தது.

பணம் முழுவதும் வங்கி வழியாக. ரொக்கம் கேட்டால் மறுத்துவிடுங்கள். டோக்கன் கொடுப்பதானால், "கணக்கு ஒத்துப்போகாவிட்டால் முழுத் தொகையும் 15 நாளில் திருப்பித் தரப்படும்" என்று ஒரு வரி. எனக்கு நாற்பதாயிரம் ரூபாயை மிச்சப்படுத்தியிருக்கக் கூடிய வரி அது.

8. உரிமங்கள்: பழையது எதுவும் உங்களுக்கு ஆகாது

உணவுப் பாதுகாப்பு உரிமமும் ஜிஎஸ்டி எண்ணும் விற்பவரின் பெயருக்கு உரியவை. கடையோடு சேர்ந்து வராது. புதிதாக எடுங்கள்.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு): ஆதாரும் பான் எண்ணும் போதும், அரை மணி நேர வேலை, கட்டணம் கிடையாது. தேடினால் அரசு இணையதளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முதலில் வரும், அவை பணம் கேட்கும். முகவரி அரசுக்குரிய ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா பாருங்கள்.

ஜிஎஸ்டி: பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. பான், ஆதார், வாடகை ஒப்பந்தம், கட்டட உரிமையாளரின் சம்மதக் கடிதம், மின் ரசீது அல்லது சொத்து வரி ரசீது வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ஏழு வேலை நாள். நேரில் பார்க்க அதிகாரி வந்தால் ஒரு மாதம். ஒரு பொறி: 40 லட்சம்வரை பதிவு தேவையில்லை என்று எல்லாரும் சொல்வார்கள். அந்த வரம்பு பொருள் மட்டும் விற்பவர்களுக்கு. கூலிக்கு மாவு அரைப்பதும் எண்ணெய் ஆட்டிக் கொடுப்பதும் சேவை. அதையும் சேர்த்துச் செய்தால் 20 லட்சத்தை வரம்பாக எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி வாடகை. நீங்கள் சாதாரண ஜிஎஸ்டி பதிவில் இருந்து, கட்டட உரிமையாளர் பதிவில்லாதவர் என்றால், வாடகை மேல் 18 சதவீத வரியை நீங்களே கட்ட வேண்டும். 2024 அக்டோபரிலிருந்து இப்படி. இணக்க முறையில் (சிறு வணிகர்களுக்கான எளிய ஜிஎஸ்டி முறை, காம்போசிஷன்) இருப்பவர்களுக்கு இது இல்லை, ஆனால் அவர்கள் வெளி மாநிலத்துக்கு விற்க முடியாது.

உணவுப் பாதுகாப்பு: பதிவா, உரிமமா என்பதை நாள் உற்பத்தியும் விற்றுமுதலும் முடிவு செய்யும். தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, இயந்திரப் பட்டியல், கடை வரைபடம் தயாராக இருக்கட்டும். சமையல் எண்ணெயை உதிரியாக விற்கத் தடை உண்டு. தூக்குப் பாத்திரத்தோடு வந்து "ரெண்டு லிட்டர் ஊத்துங்க தம்பி" என்பவர்களிடம் இதைச் சொல்வது சங்கடமாகத்தான் இருக்கும். அவர் சொந்தக் கடலையைக் கொண்டுவந்து கூலிக்கு ஆட்டி வாங்கிப் போவது வேறு விஷயம்.

பழைய லேபிள்களில் பழைய உரிம எண் இருக்கும். விற்பவர் நாலாயிரம் லேபிள்களையும் சேர்த்து விலை சொன்னார். நான் யோசிக்காமல் ஒத்துக்கொண்டேன், ஒன்றைக்கூட ஒட்ட முடியவில்லை.

எடை அளவுத் துறை: நம் மாநிலத்தில் இது தொழிலாளர் துறையின்கீழ் வருகிறது. மின்னணுத் தராசுக்கு வருடாந்தர முத்திரை. பாட்டிலில் அடைத்து விற்கத் தொடங்கிய 90 நாளுக்குள் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும், கட்டணம் 500 ரூபாய். இதை என் ஆடிட்டரே மறந்துவிட்டார்.

உள்ளாட்சியின் தொழில் உரிமமும் இயந்திரம் நிறுவும் அனுமதியும் வேண்டும். சொத்து வரி பாக்கி இருந்தால் விண்ணப்பம் நகராது, கட்டட உரிமையாளரிடம் முன்பே சொல்லி வையுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பழையவரிடம் இருந்ததா என்றும் கேளுங்கள். குடியிருப்புப் பகுதியில் மில் சத்தத்துக்குப் புகார் வந்தால் முதலில் கேட்கப்படும் தாள் அது.

9. முதல் ஆறு மாதம்

சரக்கு வாங்குவதில்தான் பணம் முடங்கும். நிலக்கடலைக்கு விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்கள், எள்ளுக்கு ஈரோடு மாவட்டச் சிவகிரி, கொப்பரைக்குக் காங்கேயம் பக்கம் என்று ஒருமுறையாவது நேரில் போய் ஏலம் பாருங்கள். வரத்து அதிகமான மாதத்தில் மூன்று மாதச் சரக்கு வாங்கும் ஆசை வரும். ஈரம் சரியாகக் காயாத பருப்பில் பூஞ்சை வந்தால் மூட்டையோடு போய்விடும். முதல் வருடம் ஒரு மாதச் சரக்குக்கு மேல் வைக்காதீர்கள்.

வருமான வரியில் உத்தேச வருமான முறை சிறு கடைகளுக்கு எளிது. இரண்டு கோடி விற்றுமுதல்வரை, வங்கி, யுபிஐ வழி வரவில் 6 சதவீதம், ரொக்க வரவில் 8 சதவீதம் லாபமாகக் காட்டலாம். முன்வரியை (அட்வான்ஸ் டாக்ஸ்) மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். விலகிய வருடத்தில் சம்பளமும் தொழில் வருமானமும் கிராஜுவிட்டியும் ஒன்றாக வரும். அந்த ஒரு வருடத் தாக்கலை மட்டுமாவது ஆடிட்டரிடம் கொடுங்கள்.

வீட்டுக்கு மாதம் எவ்வளவு எடுப்பது என்று முதல் நாளே ஒரு தொகை வைத்து, அதை ஒன்றாம் தேதி நடப்புக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாற்றுங்கள். எனக்கு முதல் நான்கு மாதம் அந்தத் தொகை பூஜ்யம். ஐந்தாவது மாதம் 15,000. ஒன்பதாவது மாதத்தில்தான் வீட்டுக் கடன் தவணை கடை வருமானத்திலிருந்து போனது, அதுவரை அந்த 18 மாதப் பணம்தான் ஓடியது.

தாள்களை நான் இரண்டு கோப்புகளாக வைத்திருக்கிறேன். உரிமங்கள் ஒன்று, விற்பனை ஒப்பந்தமும் பழைய பாக்கி இல்லை என்ற சான்றுகளும் இன்னொன்று. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் புதுப்பிக்க வேண்டிய தேதி பெரிதாக எழுதியிருக்கிறது. தராசு முத்திரை முதலில் காலாவதியாகும், அதற்கு ஒரு மாதம் முன்பே கைபேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.